மயில்கழுத்துக்கு எத்தனை மெகாபிக்சல்?

கேமரா வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. "புரொஃபஷனல் வாங்கலாமா, என்ட்ரி லெவல் போதுமா?" என்று கேட்கிறார்கள். "எதைப் படம் எடுக்கப் போறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். "எல்லாத்தையும்தான் சார்" என்பார்கள். வெங்காயம் நறுக்க, தேங்காய் உடைக்க, வேலி வெட்ட எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி கொடுங்கள் என்று யாராவது கடையில் போய்க் கேட்பார்களா? கேமரா என்றதும் மட்டும் நமக்கு இந்தப் புத்தி எங்கேயோ போய்விடுகிறது. விலை அதிகமானதில் எல்லாம் அடங்கியிருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

பணம் இருக்கிறவர் ஆசைக்கு வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தால் நமக்கென்ன, அவர் காசு. ஆனால் இதே குழப்பம் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் கடனாக நுழையும்போது சும்மா இருக்க முடியவில்லை. அதனால் இந்த வாரம் ஆரணிக்குப் போவோம்.

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது. அரிசிக்கும் பட்டுக்கும் பேர் போன ஊர். காஞ்சிபுரத்துக்குக் கிடைத்த விளம்பரத்தில் கால்வாசிகூட இந்த ஊருக்குக் கிடைத்ததில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பதே சென்னையில் பலருக்குத் தெரியாது. ரொம்ப காலம் இங்கே நெய்த புடவை முதலாளி கைக்குப் போய், அங்கிருந்து வியாபாரி கைக்குப் போய், பெரிய ஊர்க் கடைகளில் வேறு பேரில் விற்றது. இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில், இன்ஸ்டாகிராமில் படம் போட்டு நேரடியாக விற்கலாம். கோயம்புத்தூரில் இருக்கிறவரும் சிங்கப்பூரில் இருக்கிறவரும் வாங்கலாம்.

ஆனால் அவர்கள் புடவையைத் தொட்டுப் பார்க்க முடியாது. படம்தான் கடை, படம்தான் விற்பனையாளர், படம்தான் வாக்குறுதி. ஆகவே ஒரு நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, "நல்ல கேமரா வேணும்ப்பா" என்று ஆரம்பித்தால் அதில் நியாயம் இருக்கிறது. அடுத்ததாக அவர் யூட்யூபில் நாலு பேரைப் பார்க்கிறார். நாலு பேரும் "ஃபுல் ஃப்ரேம் இல்லேன்னா புரொஃபஷனல் இல்லை" என்கிறார்கள். அம்மாவின் நகை அடகுக்குக் கிளம்புகிறது. நான் சண்டை போடுவது இந்த இடத்தில்.

ஒரு ஒப்பீடு செய்து பார்க்கலாம். கேனன் கம்பெனி 2023-ல் ஆர்50 என்ற மிரர்லெஸ் கேமராவை அறிவித்தது. ஆரம்ப நிலைக்காரர்களுக்கானது. அறிவித்தபோது பாடி மட்டும் அமெரிக்காவில் 680 டாலர். அதே கம்பெனி 2024-ல் ஆர்1 என்று தன் உச்சிக் கேமராவை அறிவித்தது. அப்போது அதன் விலை 6,299 டாலர். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. புடவைப் படத்துக்கு யாரும் ஆர்1 வாங்கப் போவதில்லை, தெரியும். அடியையும் முடியையும் பக்கத்தில் வைத்தால்தான் நடுவில் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது புரியும்.

இரண்டிலும் எத்தனை மெகாபிக்சல் தெரியுமா? இரண்டிலும் 24 சொச்சம்தான்! ஒன்பது மடங்கு விலைக்கு ஒரு மெகாபிக்சல்கூட அதிகம் இல்லை.

அப்படியானால் மீதிப் பணம் எங்கே போகிறது? நியாயமான இடங்களுக்குத்தான் போகிறது. ஆர்1 விநாடிக்கு 40 படம் எடுக்கும். ஓடுகிற வீரரின் கண்ணை விடாமல் பிடித்துக்கொள்ளும். மழையும் தூசியும் தாங்கும். இரண்டு மெமரி கார்டு போடலாம், ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று காப்பாற்றும். ஒலிம்பிக்ஸில் நூறு மீட்டர் ஓட்டத்தைப் படம் எடுக்கிறவருக்கு இதெல்லாம் உயிர். ஆனால் நம்முடைய புடவை ஓடாது சார். கொடியில் தொங்குகிறது. அல்லது கட்டிலில் விரித்திருக்கிறது. அதைப் படம் எடுக்க விநாடிக்கு 40 எதற்கு?

சென்சார் பெரிசு என்பார்கள். உண்மை. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். ஆர்50-ல் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 22க்கு 15 மில்லிமீட்டர். பரப்பளவில் பெரியது சின்னதைப் போல 2.6 மடங்கு. அவ்வளவு வெளிச்சம் கூடுதலாகப் பிடிக்கும். இருட்டில் படம் எடுத்தால் பொரி பொரியாய்ப் புள்ளி விழுவது குறையும்.

இப்போது லென்ஸ் பக்கம் வாருங்கள். ஆர்50-உடன் கொடுக்கிற ஜூம் லென்ஸ், அதன் நீளமான முனையில் எஃப் 6.3 வரைதான் திறக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போடுங்கள். 2020-ல் வெளிவந்தபோது அதன் விலை 199 டாலர். உள்ளே வரும் வெளிச்சம் 12 மடங்கு ஆகிறது! பெரிய சென்சார் கொடுப்பது 2.6 மடங்கு, சின்ன லென்ஸ் கொடுப்பது 12 மடங்கு. முழுசாகத் திறந்தால் ஃபோகஸ் ஆகும் ஆழம் குறையும், முந்தானை தெளிவாக இருக்க பார்டர் மங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு டிரைபாட் வாங்கிவிடுங்கள். அசையாத புடவையை அசையாத கேமராவால் எடுக்கும்போது ஷட்டரை அரை விநாடிகூடத் திறந்து வைக்கலாம். ஐ.எஸ்.ஓ. 100-லேயே வேலை முடிந்துவிடும். அந்த நிலையில் இரண்டு சென்சாருக்கும் உள்ள வித்தியாசத்தை போன் திரையில் கண்டுபிடிக்கிறவருக்கு நானே ஒரு பட்டு வேட்டி எடுத்துத் தருகிறேன்.

போன் திரை என்று தெரிந்துதான் சொன்னேன். 24 மெகாபிக்சல் என்றால் அகலவாக்கில் 6,000 புள்ளி. இன்ஸ்டாகிராமில் அந்தப் படத்தை வழக்கமாக 1,080 புள்ளி அகலத்துக்குச் சுருக்கித்தான் காட்டுகிறார்கள். வாட்ஸ்அப் அது பங்குக்குச் சுருக்கும். நகையை அடகு வைத்து வாங்கிய புள்ளிகளில் பெரும்பகுதி வழியிலேயே கொட்டிப்போகிறது.

புள்ளிக் கணக்கை நெசவாளர் வீட்டில் போய்ச் சொல்லிக் கொடுக்கவும் தேவையில்லை. டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, எந்தக் கட்டத்துக்கு எந்த இழை தூக்க வேண்டும் என்று ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போட்டு நெய்கிறவர்கள் அவர்கள். கட்டம்தான் மெகாபிக்சல். கட்டம் நிறைய இருப்பதால் மட்டும் புடவை அழகாகிவிடாது என்பது தறியில் உட்கார்ந்தவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அப்படியானால் பட்டுக்கு என்னதான் வேண்டும்? மூன்று விஷயம்.

முதலாவது, நிறம். பட்டு வியாபாரத்தில் தலைவலியே இதுதான். மயில்கழுத்து என்று ஒரு நிறம் இருக்கிறது, உங்கள் வீட்டு பீரோவிலும் ஒன்று இருக்கும். பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொரு நிறம். நேரே பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை. எவ்வளவு விலை கொடுத்த கேமராவாக இருந்தாலும் ஒரே ஒரு படத்தில் இதைப் பிடிக்க முடியாது. இரண்டு கோணத்தில் இரண்டு படம் எடுக்க வேண்டும், அல்லது புடவையை மெல்ல மடித்துக் காட்டிப் பத்து விநாடி வீடியோ எடுக்க வேண்டும். எந்த என்ட்ரி லெவல் மிரர்லெஸ்ஸும் இதைச் செய்யும்.

இன்னொரு கொடுமை, வெளிச்சக் கலப்படம். ஒரு பக்கம் வாசல் வெயில், இன்னொரு பக்கம் டியூப் லைட். நடுவில் அரக்குப் புடவை. படத்தில் பாதி செங்கல், பாதி குங்குமம் என்று வரும். வாங்கியவர் பிரித்துப் பார்ப்பார். "போட்டோல வேற கலர்ங்க" என்று திருப்பி அனுப்புவார். பல நாள் உட்கார்ந்து நெய்த பட்டு மடிப்புக் கலைந்து வீடு வந்து சேரும். போகவர கூரியர் செலவு யார் தலையில்? "ஆரணியில வாங்கினேன், ஏமாத்திட்டாங்க" என்று அவர் நாலு பேரிடம் சொல்வார். யாரும் ஏமாற்றவில்லை. டியூப் லைட்டை அணைக்காததுதான் குற்றம்.

பரிகாரம் மலிவு. டியூப் லைட்டை அணையுங்கள். ஜன்னல் ஓரத்தில் புடவையை வையுங்கள். கிரே கார்டு என்று ஒரு சாம்பல் நிற அட்டை விற்கிறது. அதை முதலில் படம் எடுத்து, "இதுதான் நடுநிலை நிறம்" என்று கேமராவுக்குச் சொல்லிவிட்டுப் புடவையை எடுங்கள். வொயிட் பேலன்ஸ் என்பது இதுதான். ஆறாயிரம் டாலர் கேமராவும் இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் தப்பான நிறத்தைத்தான், ரொம்பத் துல்லியமாக, எடுத்துக் கொடுக்கும்.

இரண்டாவது, ஜரிகை. நேரே ஃபிளாஷ் அடித்தால் ஜரிகை வெள்ளை வெளேரென்று எரிந்துவிடும். மாங்காய், அன்னம், கோபுரம் எல்லாம் ஒரே பளபளப்பில் காணாமல் போகும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து மென்மையாக வர வேண்டும். அதற்கு 'சாஃப்ட் பாக்ஸ்' விற்கிறார்கள், வாங்கலாம். வாங்கும்வரை ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள், அதே வேலையை முக்கால்வாசி செய்யும்.

மூன்றாவது விஷயம் வேடிக்கையானது. பொடிக் கட்டம் போட்ட புடவையைப் படம் எடுத்தால் சில சமயம் புடவையில் இல்லாத வானவில் பட்டைகள் படத்தில் நெளியும். இழைகளின் வரிசையும் சென்சார் புள்ளிகளின் வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் கோளாறு. இதன் பெயர் 'முவாரே'. அது பிரெஞ்சில் அலையலையாய் மின்னும் பட்டுத் துணிக்கு வைத்த பெயர்! கேமராவுக்கு முன்பே பட்டுக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. இதைக் குறைக்க சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி வைப்பதுண்டு. ஆனால் கூர்மை வேண்டும் என்பதற்காக அந்த வடிகட்டியையே எடுத்துவிட்ட விலை உயர்ந்த கேமராக்கள் இருக்கின்றன. சோனியின் ஏ7ஆர் வரிசை ஓர் உதாரணம். ஆக, காசு கூடக் கொடுத்தால் இந்தத் தொல்லை ஒழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஓரடி முன்னே போங்கள், பின்னே வாங்கள், கோணத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள், போய்விடும்.

"அப்படின்னா செல்போனே போதுமே, இந்த ஆர்50 மட்டும் எதுக்கு?" என்று நீங்கள் மடக்கலாம். நல்ல கேள்வி. போன் படத்தை எடுப்பதோடு நிற்பதில்லை. அதற்கென்று ஒரு ரசனை இருக்கிறது. அரக்கைச் சிவப்பாக்கும், பச்சையைப் பளிச்சென்று தூக்கிவிடும், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று கூர்மை ஏற்றும். முகத்துக்கு இது சரி, வியாபாரத்துக்குச் சரியில்லை. போனிலும் இதையெல்லாம் அடக்க வழி உண்டு, நல்ல வெளிச்சத்தில் ஓரளவு ஒப்பேற்றலாம். ஆனால் தினமும் பத்துப் புடவை எடுக்கிறவருக்கு, இன்று வைத்த நிறம் நாளையும் அப்படியே நிற்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு என்ட்ரி லெவல் கேமராவில் முழுசாகக் கிடைக்கிறது. அதற்கு மேலே கொடுக்கிற காசு புடவைக்கு உதவாது.

பெரிய கேமராவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துச் சண்டைக்கு வரவேண்டாம். அதே வீட்டுப் பிள்ளை கல்யாணப் படம் எடுக்கப் போகிறார் என்றால் கதை வேறு. விடிகாலை முகூர்த்தம், மண்டபத்தில் வெளிச்சம் போதாது, புகை வேறு. எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், சைலன்ட் ஷட்டரில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். மணி நேரக் கணக்கில் ஓட வேண்டும். தாலி கட்டுவதை "இன்னொரு தடவை" என்று கேட்க முடியாது. (சிலர் கேட்கிறார்கள், அது தனி அநியாயம்.) ஆர்50-ல் ஒரு கார்டுதான் போடலாம். அந்த ஒரு கார்டு பழுதானால் பெண் வீட்டாரிடம் என்ன சொல்வீர்கள்? இங்கே இரண்டு கார்டு போடும் கேமரா ஆடம்பரம் இல்லை, பொறுப்பு.

அதற்கும் உச்சிக்குப் போக வேண்டியதில்லை. 2018-ல் வந்த சோனி ஏ7-3, 2020-ல் வந்த கேனன் ஆர்6, நிக்கான் இசட்6-2 எல்லாமே ஃபுல் ஃப்ரேம், எல்லாவற்றிலும் இரண்டு கார்டு. புதுசு வந்ததும் பழசை விற்கிறவர்கள் இருக்கும்வரை இவை செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். மாதத்துக்கு ஒன்றிரண்டு கல்யாணம்தான் வருகிறது என்றால் சென்னையில் நாள் வாடகைக்கே எடுக்கலாம். சம்பாதித்துக் கொடுக்கட்டும், அப்புறம் வாங்கலாம். கேமரா பாடி தறி மாதிரி கிடையாது. தாத்தா உட்கார்ந்த குழித்தறியில் பேரன் உட்காரலாம். ஆர்6 வந்தது 2020-ல், அதற்கு அடுத்தது 2022-ல் வந்துவிட்டது. தவணை முடிவதற்குள் மாடல் பழசாகிவிடும். லென்ஸ் அப்படி இல்லை, நெடுநாள் உழைக்கும். காசைப் போடுவதானால் அதில் போடுங்கள்.

கருவியைப் பார்த்து ஆளை எடை போடுவது புதுசு இல்லை. 1925-ல் ஜெர்மனியில் லைக்கா என்ற கையடக்கக் கேமரா விற்பனைக்கு வந்தபோது, பெரிய பிளேட் கேமரா தூக்கிய தொழில்காரர்கள் பலர் அதை பொம்மை என்று ஒதுக்கினார்கள். அந்த லைக்காவோடு, பெரும்பாலும் ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸோடு உலகம் சுற்றியவர் ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணரின் கடைசி நாட்களை அங்கே படம் எடுத்தார். ஆரணிக்கு இன்றைய மாவட்டத் தலைநகர்தான் அந்த ஊர். லைக்கா மலிவுக் கேமரா என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பொய். ஆனால் தொழில்காரர்கள் அன்று மதித்த பெருசு அது இல்லை. தன் வேலைக்கு எது தேவையோ அதை மட்டும் அவர் எடுத்துக்கொண்டு வந்தார். இன்னொன்று, அந்த லைக்காவிலும் கண்ணாடி கிடையாது. அதுவும் ஒரு மிரர்லெஸ்தான்!

கடைசியாக உங்களிடம் வருகிறேன். ஆமாம், நகரத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களிடம்தான். கடைக்காரர் விற்கிறார், யூட்யூப்காரர் புகழ்கிறார், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் கல்யாணத்துக்கு போட்டோகிராபர் பேசும்போது ஆல்பத்தைத் திறக்கும் முன்னாலேயே, "என்ன கேமரா வெச்சிருக்கீங்க?" என்று கேட்பது யார்? கேமரா சின்னதாக இருந்தால் ரேட்டைக் குறைத்துப் பேசுவது யார்? நாம்தான். நம்முடைய அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் எத்தனையோ பையன்கள் தேவைக்கு மேல் கடன் வாங்குகிறார்கள். இதே நாம் பட்டுப்புடவை வாங்கும்போது, "இது கைத்தறியா, விசைத்தறியா?" என்று கேட்கிறோமா? பட்டு அசல்தானா என்று பார்க்க 2004-லிருந்து சில்க் மார்க் இருக்கிறது, கைத்தறிக்கு 2006-லிருந்து தனி முத்திரை இருக்கிறது. கேட்க வேண்டிய இடத்தில் தறியைக் கேட்பதில்லை. கேட்க வேண்டாத இடத்தில் கேமராவைக் கேட்கிறோம்.

அடுத்த முறை போட்டோகிராபர் வந்தால், பொறுக்கி எடுத்த பத்துப் படத்தை விட்டுவிட்டு, "ஒரு கல்யாணத்தோட மொத்தப் படமும் காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். ஆளின் தொழில் அதில் தெரிந்துவிடும். ஆரணியிலிருந்து யாராவது வாட்ஸ்அப்பில் புடவைப் படம் அனுப்பினால், "ஜன்னல் ஓரத்துல வெச்சு, சாய்ச்சு ஒண்ணு, நேரா ஒண்ணு அனுப்புங்க" என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால் அந்தப் பிள்ளைகள் டியூப் லைட்டை அணைக்கக் கற்றுக்கொள்வார்கள். அம்மாவின் வளையலும் வீட்டிலேயே இருக்கும்.